மூங்கிலின் வயதும் நீர்ச் செலவும்

புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையதை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுத்துரைக்கிறது. அவ்வகையில், கூரைக்கு மேல் உயர்ந்து நிற்கும் மூங்கிலும் புல்லே. இக்காலப் பயிர் நூலும் அதை நெல், கரும்பு, அறுகு ஆகியவற்றோடு ஒரே குடும்பத்தில் வைக்கிறது. இது வெறும் பெயர்ப் பொருத்தம் அன்று. மூங்கில் எப்போது மிகுதியாக நீர் பருகும், எப்போது குறைவாகப் பருகும் என்பதை அறிய, அது புல் என்னும் உண்மையே திறவுகோல்.

ஒருவர்க்கொருவர் துணையாக வாழ்வோரை 'மூங்கிலும் ஆற்றங்கரையும் போல' என்று மலாய் மக்கள் கூறுவர். மூங்கில் வேர் கரையைக் காக்கும். கரை மூங்கிலைத் தாங்கும். ஆயினும் ஓடைக் கரையிலோ ஊற்றருகிலோ மூங்கில் நட எண்ணுவோர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. மண்ணைக் காக்கும் மூங்கில் நீரைக் குடித்துத் தீர்த்துவிடாதா? இவ்வினாவுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூற இயலாது. கழியின் வயது என்ன, காலம் என்ன என்று முதலில் கேட்க வேண்டும்.

ஒருமுறையே அமையும் குழாய்கள்

மரத்தின் பட்டைக்கு உட்புறத்தில் வளர்படலம் ஒன்று உண்டு. அது ஆண்டுதோறும் புதிய கட்டையையும் புதிய நீர்க்குழாய்களையும் உண்டாக்கும். பழைய குழாய்கள் ஓய்வு பெறும்; புதியவை பணியேற்கும். மூங்கிலுக்கு அத்தகைய படலம் இல்லை. முளை மண்ணைப் பிளந்து வரும்போதே தன் முழுப் பருமனோடு வருகிறது. சில மாதங்களில் முழு உயரத்தை எட்டிவிடுகிறது. அதன்பின் அது பருப்பதும் இல்லை, நீள்வதும் இல்லை. எனவே இளமையில் அமைந்த நீர்க்குழாய்களே அக்கழியின் வாழ்நாள் முழுவதற்கும் உழைத்தாக வேண்டும்.

ஆண்டுகள் செல்லச் செல்லக் கழியின் உள்ளே மட்டும் மாறுதல்கள் நிகழ்கின்றன. சுவர்கள் கெட்டிப்படும், ஈரம் குறையும், குழாய்கள் சிலவற்றைப் பிசின் போன்ற பொருள்களும் உள்வளர்ச்சிகளும் அடைத்துக் கொள்ளும். ஜெர்மானிய அறிஞர் வால்ட்டர் லீசே, மூங்கிற்கழி முதுமையடையும் விதத்தை 1996இல் ஓர் ஆய்வுரையில் விளக்கினார். அடைபட்ட குழாய்க்கு மாற்றுக் குழாய் தோன்றாது. ஆகவே முதிர்ந்த கழி நீரைக் கடத்தும் ஆற்றலில் படிப்படியாகத் தளர்கிறது. இலை விரித்த இளங்கழியோ நீரைத் தாராளமாகச் செலவிடுகிறது.

முளைக்கு நீர் தருவது யார்?

பொதுவாகச் செடிகளில் நீரை மேலே இழுப்பது இலைகளின் நீராவிப்போக்கு. புதிதாகக் கிளம்பும் முளைக்கோ இலையே இல்லை. ஆயினும் அதன் உடலில் பெரும்பகுதி நீர்தான். அதன் வளர்ச்சியோ மிகவும் விரைவானது. அந்த நீர் எங்கிருந்து வருகிறது?

இதனைக் கண்டறிய உதவும் கருவி எளியது. தண்டில் இரண்டு ஊசிகளைச் செருகி, ஒன்றை மட்டும் சூடாக்குவர். நீர் ஓடினால் சூட்டை அது வாரிக்கொண்டு போகும். ஊசிகளுக்கு இடையிலுள்ள வெப்ப வேறுபாடு குறையும். எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து ஓட்டத்தின் வேகத்தைக் கணக்கிடுவர். பிரெஞ்சு அறிஞர் கிரானியே 1985இல் வெளியிட்ட முறை இது.

நம் வட்டாரத்திலும் பரவலாகக் காணப்படும் மூங்கில் வகையொன்றின் தூறில் இம்முறையைக் கையாண்டு செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஒன்றரை மீட்டருக்கு உட்பட்ட முளைகளில் இரவில் நீரோட்டம் மிகுந்திருந்தது. அதே இரவில் மூத்த கழிகளிலோ ஓட்டம் மிகக் குறைவு. மண்ணுக்குள் கழிகளை இணைக்கும் வேர்த்தண்டுகளின் வழியாக மூத்தவை முளைகளுக்கு நீர் வழங்குகின்றன என்பதே இதிலிருந்து பெறப்பட்ட முடிவு. முளை வளர்ந்து இலை விரித்தபின் அதுவும் மற்றக் கழிகளைப் போலப் பகலில் நீரை இழுக்கத் தொடங்குகிறது.

இரவில் வேரழுத்தமும் துணை செய்கிறது. விடியற்காலையில் மூங்கிலின் இலைநுனியில் தொங்கும் துளிகள் யாவும் பனித்துளிகள் அல்ல. வேர் உந்தி அனுப்பிய நீரும் அவற்றில் உண்டு. வேரழுத்தம் மிகுந்த வகையே மிக உயரமாக வளர்கிறது என்பதை, 59 மூங்கில் வகைகளை ஆராய்ந்து 2012இல் வெளியான சீன ஆய்வு காட்டியது.

பருவத்தின் பங்கு

சீனாவிலும் ஜப்பானிலும் பெருங்காடுகளாக வளரும் மோசோ மூங்கில் இளவேனிலில் முளைவிடும். புதுக்கழி தன் முதல் இலைகளை ஓராண்டில் உதிர்க்கும். பின்னர் ஈராண்டுக்கு ஒருமுறை இலை மாற்றும். முளை மிகுந்த ஆண்டும் குறைந்த ஆண்டும் அங்கே மாறி மாறி வரும். எனவே நீர்ச் செலவும் ஆண்டுக்கு ஆண்டு ஒன்றாக இராது. குளிர்காலம் அறியாத நம் நாட்டில் மழையும் வறட்சியுமே பருவத்தை வகுக்கின்றன. மழைக்காலத்தில் முளை கிளம்பும். வறண்ட நாட்களில் இலைத்துளைகள் சுருங்கி நீரிழப்பைக் குறைக்கும். கழி தன்னுள் தேக்கிய நீரைப் பகலில் செலவிட்டு, இரவில் மீண்டும் நிரப்பிக் கொள்ளும்.

ஆகவே ஒரு கழியை, ஒரு மாதத்தில் மட்டும் அளந்துவிட்டு மூங்கிலின் இயல்பு இதுவே என்று உரைப்பது, யானையைத் தடவிப் பார்த்த குருடர் கதையாகவே முடியும்.

வெட்டுவோர் அறிய வேண்டியது

முளைவிடும் காலத்தில் தூறை மொட்டையடித்தால் முளைகளுக்கு நீரும் உணவும் ஊட்டுவதற்கு மூத்த கழிகள் இரா, தூறு நலியும். அதன் வேர் காத்துவந்த கரையும் நாளடைவில் கரையும். மூன்றாண்டு கடந்த கழிகளிலிருந்து தெரிந்தெடுத்து, முளைப்பருவம் அல்லாத வறண்ட நாட்களில் வெட்டுவதே முறை. அப்போதும் முதிர்ந்தவை சிலவற்றை விட்டு வைக்க வேண்டும்.

வயதை அறிவதும் அரிதன்று. கணுவைச் சுற்றி உறையும், தண்டில் வெண்பொடியும் இருப்பது இளங்கழி. நிறம் மங்கிப் பாசி படர்ந்திருப்பது முதியது. இதை ஆசிரியர்கள் மாணவர்களை ஒரு தூறின் அருகே அழைத்துச் சென்று எளிதில் காட்டலாம்.

சுற்றம் மூங்கில்போல் பெருகுக என மணமக்களை வாழ்த்துவது தமிழர் வழக்கு. வாழ்த்தியவர்கள் மண்ணுக்கு மேலே நெருங்கி நிற்கும் கழிகளைக் கண்டனர். மண்ணுக்குக் கீழே மூத்தவை இளையவற்றுக்கு நீரூட்டும் செய்தி, அவ்வாழ்த்து எத்துணைப் பொருத்தமானது என்பதை மேலும் தெளிவாக்குகிறது.