கல்லூரி வாசலில் மூன்று முத்திரைகள்

பிளஸ் டூ முடிவு வந்ததும் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் கல்லூரி விளம்பரப் பலகைகள் முளைத்துவிடுகின்றன. கோட்டு போட்ட தாளாளர், சிரிக்கும் நான்கு மாணவர்கள், அடியில் ஒரு வரி: ஏஐசிடிஇ அப்ரூவ்டு, அண்ணா பல்கலைக்கழக இணைப்பு, நாக் ‘ஏ’ கிரேடு. “கவர்ன்மெண்டே ஒத்துக்கிட்ட காலேஜ், அப்புறம் என்ன யோசனை?” என்று அப்பாக்கள் அதோடு முடிவு கட்டிவிடுகிறார்கள். டீ சூடாக இருக்கும்போதே அந்த வரியை நாம் பிரித்துப் பார்த்துவிடலாம். அதில் இருப்பது மூன்று முத்திரைகள். ஒவ்வொன்றும் வேறொருவர் குத்தியது, வேறொரு காரியத்துக்காகக் குத்தியது.

முதலில், இந்தக் கல்லூரிகள் எப்படி வந்தன? 1984க்கு முன் தமிழ்நாட்டில் என்ஜினீயரிங் படிக்க கிண்டி, கோவை ஜி.சி.டி., பி.எஸ்.ஜி., மதுரை தியாகராசர் என்று எண்ணிச் சொல்லிவிடும் அளவுக்குத்தான் இடங்கள். அரசே எல்லா ஊரிலும் கட்டப் பணமில்லை. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984-85இல் சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. இன்று கவுன்சலிங் பட்டியலில் நானூறுக்கும் மேல் கல்லூரிகள். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, 18 முதல் 23 வயதினரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் தமிழ்நாட்டில் உயர்கல்வியில் சேர்ந்தோர் 47 சதவீதம்; நாடு முழுவதற்கும் 28.4 சதவீதம். இந்தப் பெருமை முழுவதும் தனியாருக்கு உரியதல்ல. சத்துணவும் இலவசப் பேருந்து அட்டையும் ஊருக்கு ஊர் திறந்த அரசுப் பள்ளிகளும் பிள்ளைகளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை கொண்டுவந்து சேர்த்தன. ஆனால் அதற்கு மேல் உட்கார நாற்காலி போட்டதில் தனியாருக்குப் பெரிய பங்கு உண்டு. மறுக்க முடியாது.

இனி முதல் முத்திரை. ஏஐசிடிஇ என்பது அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில். 1987ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அதிகாரம் கொடுத்தது. நிலம் எவ்வளவு, கட்டடம் இருக்கிறதா, ஆய்வகம் இருக்கிறதா, 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கு வருகிறதா என்று பார்த்து, “நடத்திக்கொள்” என்று அனுமதி தரும். ஓட்டலில் கல்லாப்பெட்டிக்கு மேல் உணவு உரிமத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருப்பார்கள் இல்லையா? கடை திறக்க அது வேண்டும். அதைப் பார்த்து யாரும் சாம்பார் ருசியாக இருக்கும் என்று நம்புவதில்லை. கல்லூரி விஷயத்தில் மட்டும் உரிமத்தையே ருசிக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறோம். கூடத்தில் எத்தனை நாற்காலி என்று எண்ணியவர், அந்தக் கூடத்தில் என்ன நடத்துகிறார்கள் என்று உட்கார்ந்து கேட்டவர் அல்ல.

எண்ணுவதிலும் ஓட்டை உண்டு. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. ஒரே பேராசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் கணக்கு காட்டப்பட்டிருந்தார், அப்படிப் பலர். அண்ணா பல்கலைக்கழகமே விசாரித்து அது நடந்ததை ஒப்புக்கொண்டது. காகிதத்தில் 20க்கு ஒருவர் கணக்கு சரியாகவே இருந்தது. வகுப்பில்தான் ஆள் இல்லை.

அந்த ஆசிரியர்களைச் சரிபார்க்க வேண்டிய இடம்தான் இரண்டாவது முத்திரை: பல்கலைக்கழக இணைப்பு. ஆண்டுதோறும் வந்து பார்ப்பது, பாடத்திட்டம் தருவது, தேர்வு நடத்துவது, கடைசியில் பட்டம் தருவது எல்லாம் பல்கலைக்கழகத்தின் வேலை. கல்லூரி பாடம் நடத்தும், பட்டம் தராது. 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் இதில் கறாரானது: சட்டம் இயற்றி உருவான பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் கொடுத்த நிறுவனம் ஆகியவை மட்டுமே பட்டம் தரலாம். பலகையில் ‘தன்னாட்சி’ என்று இருந்தால் பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியின் கைக்கு வந்துவிட்டது என்று பொருள். அப்போதும் பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும்.

பட்டம் தரும் பல்கலைக்கழகமே ஆட்டம் கண்டால் என்ன ஆகும் என்பதற்குச் சத்தீஸ்கர் சாட்சி. 2002இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டு, தனியார் பல்கலைக்கழகங்களை அறிவிக்கை மூலமே உருவாக்க வழி செய்தது. கிடுகிடுவென நூற்றுக்கும் மேல் முளைத்தன. பலவற்றுக்குச் சொந்த வளாகம்கூட இல்லை. விஞ்ஞானி யஷ்பால் வழக்குப் போட்டார். 2005 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவுகளையே ரத்துசெய்ய, அவற்றின் கீழ் உருவான பல்கலைக்கழகங்கள் இல்லாமல் போயின. படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களோடு சேர்த்துவிட வழி தேட வேண்டியிருந்தது.

மூன்றாவது முத்திரைதான் தரத்தைப் பற்றிப் பேசுகிறது. அதிலும் இரண்டு வகை. நாக் எனும் தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் கவுன்சில் கல்லூரி முழுவதற்கும் மதிப்பெண் போடும்; என்பிஏ எனும் தேசியத் தரச்சான்று வாரியம் ஒவ்வொரு பாடப்பிரிவையும் தனித்தனியாகப் பார்க்கும். மெக்கானிக்கலுக்கு என்பிஏ இருக்கும், நம் பெண் சேரப்போகிற பிரிவுக்கு இருக்காது. பலகையில் மட்டும் பொதுவாக ‘என்பிஏ’ என்று எழுதியிருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், சான்று எந்த ஆண்டு வரை செல்லும் என்பதையும் சேர்த்து. நாக் பார்க்கும் தகவலில் பெரும்பகுதி கல்லூரியே எழுதிக் கொடுப்பது. 2025 பிப்ரவரியில் ஆய்வுக்குப் போன நாக் குழுவினர் சிலரையே லஞ்ச வழக்கில் சிபிஐ கைது செய்தது. அதனால் எல்லா ‘ஏ’யும் பொய் என்று ஆகிவிடாது. ‘ஏ’ கிரேடை மட்டும் நம்பிச் சேர்க்க வேண்டாம் என்பேன், அவ்வளவுதான்.

பணத்துக்கு வருவோம். தனியார் கல்லூரி ஒரு வியாபாரம் என்று நாம் சாதாரணமாகப் பேசுகிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அறக்கட்டளையோ சங்கமோ லாப நோக்கற்ற நிறுவனமோதான் கல்லூரி நடத்த முடியும். 2002இல் டி.எம்.ஏ. பை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு, வளர்ச்சிக்காக நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், கொள்ளை லாபமும் நன்கொடையும் கூடாது என்றது. தமிழ்நாட்டிலோ நன்கொடையைத் தடுக்க 1992இலேயே சட்டம் வந்துவிட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான குழு கட்டணத்தை நிர்ணயிக்கிறது. 2017இல் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற பிரிவுக்கு 55,000 என்று வைத்தது. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000. சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரிகள் 50 சதவீத இடங்களையும் மற்றவை 65 சதவீதத்தையும் கவுன்சலிங்குக்குத் தருகின்றன. முதல் பட்டதாரிக்கு அரசு தரும் சலுகையும், அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசே கட்டும் கட்டணமும் இந்தக் கல்லூரிகளுக்கும் போகின்றன. ஆக, தனியார் கல்லூரியில் பொதுப்பணமும் புழங்குகிறது. கேள்வி கேட்கும் உரிமை ஊருக்கு உண்டு.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் என்ஜினீயரிங் இடங்கள் இந்தக் கவுன்சலிங்கிலும் இல்லை, இந்தக் கட்டணக் குழுவின் கீழும் இல்லை. பட்டம் அவர்களுடையது, தேர்வு அவர்களுடையது, கட்டணமும் அவர்கள் சொல்வதுதான். அங்கே நன்றாகப் படித்து வந்தவர்கள் நிறையவே இருக்கிறார்கள். கல்லூரிக்குக் கல்லூரி விசாரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கட்டுப்பாடு என்பது இறுக்கிக்கொண்டே போகும் கயிறும் அல்ல. 2024-25 முதல், நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு ஒரு பிரிவில் இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பை ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. கேட்பாரற்ற சிவில், மெக்கானிக்கல் இடங்களைக் குறைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் இடங்களைப் பெருக்க வசதியானது. பெரிய கல்லூரிகள் வீங்கினால் சிறு ஊர்க் கல்லூரிகளில் வகுப்பு காலியாகும். நாலாவது ஆண்டு வரை அந்தக் கல்லூரி தாக்குப்பிடிக்குமா என்று இப்போது சேர்கிற பிள்ளை கவலைப்பட வேண்டியிருக்கிறது. இதை நான் நல்ல முடிவு என்று சொல்ல மாட்டேன்.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. அதைத் தேடிப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிக்கு அந்தக் கணக்கு உதவாது, அங்கே கேள்வித்தாள் எடுப்பதும் திருத்துவதும் அவர்களே. அங்கு மூன்றாம் ஆண்டு படிக்கும் பையனைக் கேண்டீனில் பிடித்து, இந்த செமஸ்டரில் எத்தனை வாத்தியார் பாதியில் வேலையை விட்டுப் போனார்கள் என்று கேளுங்கள். பணம் கட்டும்போது ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். ‘அதுக்கு ரசீது கிடையாது சார்’ என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால், 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது அந்தத் தொகையைத்தான்.