காசும் கேஷும் உறவா?

சித்தூர் நகரத்து வங்கிக் கிளை ஒன்றில் பணம் கட்டும் வரிசையில் சிறிது நேரம் நின்றால், தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிப்பதைக் கேட்கலாம். பழைய வட ஆற்காட்டின் பெரும்பகுதியைப் பிரித்து 1911இல் அமைக்கப்பெற்ற மாவட்டம் அது. 1960இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்த பின்னரும், எல்லைக்கு அப்பால் தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே வாழ்ந்து வருகின்றன. தமிழர் 'காசு' என்பதைத் தெலுங்கரும் 'காசு' என்றே சொல்வர். எதிரிலுள்ள பலகையிலோ 'கேஷ்' என்றிருக்கும். நம்முடைய காசைத்தான் ஆங்கிலேயர் கேஷ் ஆக்கிக்கொண்டனர் என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். அவ்வெண்ணம் பாதி மெய்.

ஆங்கிலத்தில் 'கேஷ்' என்பது ஒரு சொல் அன்று. ஒரே எழுத்துக்கூட்டலில் அமைந்த இரு சொற்கள். அவற்றுள் ஒன்று மெய்யாகவே நம் காசு. போர்த்துகீசிய வணிகர் நம் கடற்கரையில் கேட்ட சொல்லைத் தம் நாவுக்கேற்பத் திரித்துக்கொண்டனர். அவர்கள் வழியாக அது ஆங்கிலத்தை அடைந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818இல் ரூபாயே சென்னை மாகாணத்தின் அடிப்படை நாணயம் ஆகும்வரை இக்கணக்கு நிலவிற்று. நடுவில் துளையிட்ட சீனச் செப்புக்காசுகளையும் ஆங்கிலேயர் இன்றளவும் 'கேஷ்' என்றே குறிப்பர். நம் சொல் அவ்வளவு தொலைவு சென்றிருக்கின்றது.

ரொக்கத்தைக் குறிக்கும் மற்றொரு 'கேஷ்', இலத்தீனில் பெட்டியைக் குறித்த 'கப்சா'விலிருந்து பிறந்தது. அது இத்தாலியத்தில் 'கஸ்ஸா' என்றும் பிரெஞ்சில் 'கேஸ்' என்றும் மாறிற்று. முதலில் பணப்பெட்டியைக் குறித்த சொல், பிறகு பெட்டிக்குள் இருக்கும் பணத்தைக் குறிக்கலாயிற்று. ஆகவே கேஷியர் என்பவர் சொற்பொருளில் பெட்டிக்காரர். மூக்குக் கண்ணாடியை வைக்கும் கேஸும், மருந்தை அடக்கிய கேப்சூலும் அதே பெட்டியின் பிள்ளைகள். போர்த்துகீசியர் தம் மொழியில் பெட்டியைக் குறிக்கும் 'கைஷா'வின் வடிவிலேயே நம் காசையும் எழுதினர். உறவில்லாத இரு சொற்கள் ஓருருவம் பெற்றமைக்கு அதுவும் ஒரு காரணம்.

கப்சாவுக்கும் ஒரு தாய் உண்டு. 'கபெரெ' என்னும் இலத்தீன் வினைச்சொல்லே அது. பிடித்தல், எடுத்தல், கொள்ளுதல் என்பன அதன் பொருள்கள். வங்கியின் படிவங்களைப் புரட்டினால் அதன் வழித்தோன்றல்கள் எங்கும் தென்படும். தொழிலைக் கேட்கும் 'ஆக்குபேஷன்' நம் பொழுதைப் பிடித்துக்கொள்வது. கொள்ளளவைக் குறிக்கும் 'கெப்பாசிட்டி', உண்டியலை ஏற்கும் 'அக்செப்ட்', பெறுதலைக் குறிக்கும் 'ரிசீவ்', பெற்றமைக்குச் சான்றாகும் 'ரிசீட்' ஆகியனவும் அக்குடும்பத்தினவே. ரிசீட்டில் ஒலிக்காத 'பி' ஒன்று நிற்பதைக் கண்டு மாணவர் சலிப்பதுண்டு. இடைக்கால ஆங்கிலத்தில் பெரும்பாலும் அது இல்லை. சொல்லின் இலத்தீன் வேரை நினைவூட்டக் கற்றோர் அதனைச் செருகினர். ஆனால் ஏமாற்று எனப் பொருள்படும் 'டிசீட்' அதே வேரினதாயினும் அதற்கு அம்மரியாதை கிட்டவில்லை!

ரிசீட்டே தமிழில் ரசீது ஆயிற்று என்று எவரேனும் கூறினால் நம்ப வேண்டா. ரசீது பாரசீகச் சொல். 'வந்து சேர்ந்தது' என்பது அதன் பொருள். காசும் கேஷும் போலவே இங்கும் ஒலிதான் ஒத்திருக்கின்றது.

'ரிசீவ்', 'டிசீவ்' ஆகியவை உடன்பிறப்புகள் என்பதை நாம் இங்குச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். முன்னது கையில் பெற்றுக்கொள்ளுதல். பின்னது கண்ணியில் பிடித்தல். இன்றைய கைப்பேசி மோசடிகளுள் ஒருவகை இவ்விரண்டும் கலக்கும் இடத்திலேதான் நடைபெறுகின்றது. பழைய கட்டிலையோ மேசையையோ விற்பதாக ஒருவர் விளம்பரம் செய்கின்றார். வாங்குவதாகப் பேசுபவன் க்யூஆர் குறியீடு ஒன்றை அனுப்பி, "இதை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள், பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிடும்" என்கின்றான். எண்ணைப் பதிந்தவுடன் பணம் வருவதில்லை, போகின்றது. யூபிஐ வழியாகப் பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. அது பணம் செலுத்துவதற்கும் இருப்பை அறிவதற்குமே உரியது. ஏமாற நேர்ந்தால் தாமதியாது 1930 என்னும் எண்ணை அழைத்தலும், உடனே தம் வங்கிக்குத் தெரிவித்தலும் வேண்டும். முதல் சில மணி நேரத்தில் தெரிவித்தால், பணம் கைமாறிச் செல்லுமுன் தடுக்க வாய்ப்பு மிகுதி.

இனிக் கடன் ஒப்பந்தத்தின் தலையாய சொல்லாகிய 'பிரின்சிபல்'. இதிலும் கபெரெ ஒளிந்திருக்கின்றது. 'முதல்' என்னும் பொருளுடைய 'ப்ரீமுஸ்' அதனோடு சேர்ந்து, 'முதலிடத்தைக் கொள்பவர்' என்னும் பொருளில் 'பிரின்செப்ஸ்' என்ற சொல் உண்டாயிற்று. அதிலிருந்து பிறந்ததே பிரின்சிபல். ஆங்கிலத்தில் கல்லூரித் தலைவரும் பிரின்சிபல், வட்டி நீங்கலான கடன்தொகையும் பிரின்சிபல். தமிழில் முன்னவர் முதல்வர், பின்னது முதல். இலத்தீனை அறியாமலே நம் முன்னோர் அதே தடத்தில் நடந்திருக்கின்றனர். நாம் பெரிதும் வழங்கும் 'அசல்' அரபுச் சொல். அதற்கு வேர் என்பது பொருள். தெலுங்கரும் 'அசலு' என்பர்.

அசலையும் வட்டியையும் திருப்பதியில் விளக்க வேண்டிய தேவையே இல்லை. பத்மாவதித் தாயாரை மணப்பதற்காகச் சீனிவாசப் பெருமாள் குபேரனிடம் கடன் பெற்றார் என்பதும், கலியுகம் முடியும்வரை வட்டி செலுத்தி வருகின்றார் என்பதும் அங்கு வழங்கும் புராணக்கதை. தெலுங்கு மக்கள் அவரை 'வட்டிகாசுலவாடு' என்று உரிமையோடு அழைப்பர். திருமலை உண்டியலுக்குக் கொப்பரை என்றும் பெயருண்டு. துணியால் சூழப்பெற்ற பெரிய கலம் அது. காணிக்கையை எண்ணும் பணிக்குப் பரகாமணி என்று பெயர். தமிழில் உண்டியல் என்பது கோயிலில் காணிக்கை இடும் கலத்தையும் குறிக்கும். வணிகர் ஓரூரில் எழுதிக் கொடுத்து மற்றோரூரில் பணமாக்கிய ஓலையையும் குறிக்கும். அந்த ஓலைக்கே வங்கியியலில் இன்றும் 'ஹுண்டி' என்று பெயர். நாட்டுமொழி ஹுண்டிகளுக்குரிய உள்ளூர் வழக்கங்களுக்கு இடம் விட்டே 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் இயற்றப்பட்டது.