ஆண்டுச் சக்கரமும் ஆலயத் தொண்டும்



பால்மரத்தைப் பற்றித் தோட்டத்துக் குடும்பங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கன்றை நட்டால் ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்துதான் அதில் கத்தி வைக்க முடியும். கத்தி பிடிக்கப் பழகுகிறவருக்கும் அப்படித்தான். முதல் நாளே நல்ல நிரையை அவர் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். வெட்டி வீழ்த்தப்போகிற கிழட்டு மரங்களில் பழகவிட்டு, பட்டையின் கனம் கைக்குப் பிடிபட்ட பிறகே நிரை கொடுப்பார்கள். கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடம் முண்டு முண்டாகிப் பின்னால் வெட்டுக்கு ஆகாது.

ஒரு மரத்துக்கே இவ்வளவு பார்க்கிற நாம், ஒரு சபையை நடத்தப்போகிற ஆளைப் பழக்குவதற்கு என்ன செய்கிறோம்? இன்று நாம் சிந்திக்கப்போவது இதைத்தான்.

மஸ்ஜித் தானா வட்டாரத்தில் ஒரு தோட்டம். அங்கே பத்துப் பன்னிரண்டு கிறிஸ்தவக் குடும்பங்கள், ஒரு சிறிய ஜெபக்கூடம் என்று வைத்துக்கொள்வோம். மணி அடிப்பவர் ஒரு பெரியவர். ஜெபம் சொல்பவரும் அவரே, பாட்டு எடுத்துக் கொடுப்பவரும் அவரே. கதவுச் சாவியும் உண்டியல் சாவியும் அவர் இடுப்பிலேதான். நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒருநாள் அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று மகனோடு வேறு ஊருக்குப் போய்விடுகிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்க ஆளில்லை. மூன்று மாதத்தில் கூடத்தைச் சுற்றிப் புல் வளர்ந்துவிடுகிறது. பக்தி குறைந்ததால் வந்த கேடு அல்ல இது. ஒருவர் செய்ததை இன்னொருவர் பழகாததால் வந்த கேடு.

இதற்கு மருந்து எங்கே இருக்கிறது? திருச்சபை பல நூற்றாண்டுகளாகக் கைக்கொண்டு வரும் வழிபாட்டு ஆண்டிலேயே இருக்கிறது என்பதே நம் கருத்து.

வழிபாட்டு ஆண்டு சனவரி முதல் தேதியில் தொடங்குவதில்லை. கிறிஸ்துமசுக்கு முன்வரும் நான்காவது ஞாயிற்றுக்கிழமையில், அதாவது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில், திருவருகைக் காலத்தோடு தொடங்குகிறது. அதன் பிறகு கிறிஸ்து பிறப்பு. பின்பு சாம்பல் புதனிலிருந்து 40 நாள் தவக்காலம். அதன் முடிவில் புனித வாரமும் உயிர்ப்புப் பெருவிழாவும். உயிர்ப்பின் 50ஆம் நாள் தூய ஆவியின் திருநாளாகிய பெந்தெகொஸ்தே. மீதமுள்ள 33 அல்லது 34 வாரங்கள் பொதுக்காலம். உயிர்ப்பு ஞாயிறு ஆண்டுதோறும் மாறும். மார்ச் 21ஆம் தேதியிலோ அதற்குப் பின்னரோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு என்பது கணக்கு. ஆகவே அது மார்ச் 22க்கு முன்னும் வராது, ஏப்ரல் 25க்குப் பின்னும் வராது.

கத்தோலிக்கர், லுத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபையார் ஆகிய எல்லாரும் சிறு வேறுபாடுகளோடு இந்தச் சக்கரத்தையே பின்பற்றுகிறார்கள். காலத்துக்கேற்ப ஊதா, வெள்ளை, சிவப்பு, பச்சை என்று நிறங்களும் மாறும். கத்தோலிக்கத் திருச்சபையில் 1969ஆம் ஆண்டின் திருவருகைக் காலத்திலிருந்து ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றாக அமைக்கப்பட்டன: ஓராண்டு மத்தேயு, மறு ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. பிற சபைகள் பலவும் பின்னர் இதையொட்டியே தங்கள் வாசக அட்டவணையை அமைத்துக்கொண்டன.

பொறுப்பை ஒரே ஆளிடம் விடாமல் பகிர்ந்து கொடுப்பது புதிய யோசனை அல்ல. காலையிலிருந்து மாலைவரை தனியாக உட்கார்ந்து வழக்குத் தீர்த்த மோசேயைப் பார்த்து அவருடைய மாமனார் எத்திரோ, “இப்படிச் செய்தால் நீரும் சோர்ந்துபோவீர், மக்களும் சோர்ந்துபோவார்கள்” என்ற கருத்தில் எச்சரித்தார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வைக்கச் சொன்னார். எருசலேமில் கைம்பெண்களுக்கு உணவு பங்கிடுவதில் முறுமுறுப்பு எழுந்தபோது, அப்போஸ்தலர்கள் நல்ல பெயர் பெற்ற ஏழு பேரைச் சபையாரே தேர்ந்தெடுக்கும்படி செய்தார்கள்.

நம் தமிழருக்கும் மலாக்காவுக்கும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. பிரான்சிஸ் சவேரியார் 1542இல் தமிழகத்து முத்துக்குளித்துறைக்கு வந்தார். பரதவர் ஊர்கள் பல, குருவோ ஒருவர். ஜெபங்களைத் தமிழில் எழுதச்செய்து மனப்பாடம் பண்ணினார். பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். ஓர் ஊரைவிட்டு அடுத்த ஊருக்குப் போகும்போது, ஜெபங்களின் எழுத்துப்படி ஒன்றை அங்கே விட்டு, பொறுப்புக்கு உள்ளூர் ஆளையும் வைத்துவிட்டுப் போனார். அவருக்குப் பெயர் என்ன தெரியுமா? கணக்கப்பிள்ளை! தோட்டத்தில் நமக்குப் பழக்கமான அதே சொல்தான். மக்களைக் கூட்டி ஜெபம் சொல்வது, பிறப்பையும் திருமணத்தையும் கவனித்து வைப்பது, ஆபத்து வேளையில் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அதே சவேரியார்தான் 1545இல் மலாக்காவுக்கு வந்து, தெருவில் மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். 1552இல் அவர் இறந்த பின், 1553இல் அவர் உடல் சில மாதங்கள் மலாக்காக் குன்றின்மேல் இருந்த ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்தது.

இன்னொரு சான்று இலங்கையிலிருந்து. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் குருக்களை விரட்டினார்கள். 1687இல் யோசேப்பு வாஸ் என்னும் கோவாக் குருவானவர் ஏழைக் கூலியாளைப் போல் உடுத்தி மறைவாக அங்கே வந்தார். அவரும் ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார். குருவானவர் வருகிற நாள் யாருக்கும் தெரியாது. ஆனால் திருநாள் எப்போது வரும் என்பதை மூப்பர் அறிவார். வழிபாட்டு ஆண்டே அந்த மக்களைக் கட்டிக் காத்தது. மலாக்காவும் 1641இல் டச்சுக்காரர் கைக்குப் போனதுதான். அங்கேயும் கத்தோலிக்கர் பல ஆண்டுகள் ஒடுங்கியிருந்து, 1710இல்தான் புனித பேதுரு ஆலயத்தைக் கட்ட முடிந்தது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 1976ஆம் ஆண்டில் தீபகற்ப மலேசியாவின் கத்தோலிக்க ஆயர்களும் குருக்களும் திருச்சபையின் எதிர்காலத்தை ஆராய ஒரு மாதகாலம் ஒன்றுகூடினார்கள். வெளிநாட்டுக் குருக்கள் குறைந்துவந்த நேரம் அது. அவர்கள் கூடியிருந்த நாட்களில் பங்குகளில் ஜெப வழிபாடுகளைப் பொதுமக்களே நடத்தினார்கள். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஒன்றுகூடி ஜெபிக்கும் சிறு சமூகங்கள், அதாவது அன்பியங்கள், இந்நாட்டில் வளர அந்தக் கூட்டம் வித்திட்டது. 1986இல் நடந்த மேய்ப்புப்பணி மாநாடும் அந்த வழியையே உறுதிப்படுத்தியது. குருவானவரின் இடத்தை மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்று இதற்குப் பொருளில்லை. திருப்பலி அவருடைய பணி. மற்றப் பணிகள் எல்லாருடையவை.

சரி, நடைமுறையில் என்ன செய்யலாம்? ஒவ்வொரு காலத்தையும் ஒரு பாடமாகக் கொள்வோம்.

திருவருகைக் காலம் திட்டமிடும் காலம். முதல் ஞாயிறன்றே எல்லாரும் உட்கார்ந்து, வருகிற ஆண்டில் யார் வாசிப்பது, யார் பாட்டு எடுப்பது, யார் கூடத்தைக் கூட்டிச் சுத்தம் செய்வது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பெயர்: ஒருவர் தெரிந்தவர், ஒருவர் பழகுகிறவர்.

கிறிஸ்துமஸ் காலம் பணத்தில் நேர்மையைப் பழகும் காலம். கீதம் பாடி வீடுவீடாகப் போகும்போது காணிக்கை சேரும். அதை இரண்டு பேர் சேர்ந்து எண்ண வேண்டும். நோட்டில் எழுத வேண்டும். அடுத்த ஞாயிறு எல்லார் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும். பல சபைகளில் சண்டை வருவது நம்பிக்கை பற்றியல்ல, கணக்குப் பற்றித்தான். வாசித்துவிட்ட கணக்கைப் பற்றிக் கிணற்றடியில் பேச ஒன்றும் இருக்காது.

தவக்காலம் வீடுகளைச் சந்திக்கும் காலம். நோயாளி, கைம்பெண், கோபித்துக்கொண்டு வராமல் இருப்பவர் ஆகியோர் வீட்டுக்கு இரண்டிரண்டு பேராகப் போகலாம். இந்தப் பணியில் பெண்கள் கைதேர்ந்தவர்கள். காலையில் மரம் வெட்டி, பிற்பகலில் சமைத்து, மாலையில் ஜெபமாலை சொல்லும் தாய்மார்களே பல தோட்டங்களில் விசுவாசத்தைக் காத்தவர்கள். அவர்களைத் தலைமைக் குழுவில் சேர்க்காமல் அடுப்படியோடு நிறுத்துவது நியாயமா?

புனித வாரம் தலைமையின் பொருளைக் கற்பிக்கிறது. பெரிய வியாழனன்று ஆண்டவர் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூர்கிறோம். மலாக்கா மாநிலத்தில் பெரிய வெள்ளி பொது விடுமுறை அல்ல. ஆகவே யார் விடுப்பு எடுப்பது, வழிபாட்டை எத்தனை மணிக்கு வைப்பது, வண்டிக்கு என்ன ஏற்பாடு என்பதை ஒரு மாதம் முன்னரே பேசி முடிக்க வேண்டும். இளைஞர்களிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைத்துப் பாருங்கள். பிழை நேரலாம், பெரியவர் பக்கத்தில் நின்று திருத்தட்டும், கத்தியைப் பிடுங்கிக்கொள்ள வேண்டாம்.

பெந்தெகொஸ்தே பொறுப்பு மாறும் நாள். மூன்று ஆண்டு ஒரு வேலையைச் செய்தவர் அன்று அதைத் தாம் பழக்கியவரிடம் ஒப்படைக்கட்டும். வாசகச் சுற்றும் மூன்று ஆண்டுதானே! சாவியைக் கொடுத்தவருக்குச் சபையார் நன்றி சொல்லட்டும். அவர் விலக்கப்படவில்லை, வழிகாட்டியாக உயர்கிறார்.

அதன்பின் நீண்டு கிடக்கும் பொதுக்காலம். திருவிழா இல்லை, கொட்டுமேளம் இல்லை. நல்ல தலைவர் யார் என்பது இந்த வாரங்களில்தான் தெரியும். திருநாளில் மைக் பிடிக்கப் பத்துப் பேர் வருவார்கள். மழை பெய்யும் சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் கூடத்தைத் திறக்க வருகிறவரே தலைமைக்குத் தக்கவர்.

தலைமையை நோயாக்கும் வேறொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இன்னாருடைய குடும்பம், இன்ன சாதி, இன்ன ஊரிலிருந்து வந்தவர் என்று பார்த்துப் பொறுப்புக் கொடுப்பது இன்னும் சில இடங்களில் இருக்கிறது. ஒரே நற்கருணை மேசைக்கு முன் நிற்கிறவர்கள் அதைச் செய்யலாமா? மூத்தவரின் மகன் என்பதற்காகவும் பதவி வரக்கூடாது. மகன் என்பதற்காகத் தகுதியுள்ளவரை ஒதுக்கவும் கூடாது.

இவையெல்லாம் இன்றைக்கு ஏன் அவசரம்? கித்தாக் காடுகள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறிவிட்டன. லயத்தில் ஒன்றாக இருந்த குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களில் சிதறி வாழ்கின்றன. முன்பு மணி அடித்தால் லயத்துக்கே கேட்டது. இன்று அடுத்த தாமானில் இருப்பவருக்குக் கேட்காது. கூடம் தோட்டத்தோடு போய்விடலாம். பழகிய ஆட்கள் போகமாட்டார்கள். ஜெபம் நடத்தத் தெரிந்த நான்கு பேர் நான்கு தாமானுக்குப் போனால், நான்கு இடத்தில் ஜெபம் தொடங்கும். ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் அவரோடு எல்லாம் முடியும்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. வருகிற திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று, உங்கள் ஜெபக்கூடத்திலோ வீட்டிலோ ஒரு தாளை எடுங்கள். ஒவ்வொரு பணிக்கும் எதிரே இரண்டு பெயரை எழுதுங்கள். இரண்டாவது பெயர் ஓர் இளைஞருடையதாகவோ இளம் பெண்ணுடையதாகவோ இருக்கட்டும். அந்தத் தாள் சுவரில் இருக்கிற வரையில், நாளைக்கு யார் என்ற கேள்விக்கு உங்கள் சபையில் பதில் இருக்கும்.