பூட்டைத் தேடிப் பழகிய கண்கள்

2021 டிசம்பர் நடுவில், சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு நஞ்சானது. 150-க்கும் அதிகமானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவவே, 17-ஆம் தேதி இரவு பெண்கள் திரண்டுவந்து சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மூடிய ஆலை ஜனவரியில்தான் திறந்தது. அங்கே பொருள் வாங்கும் ஆப்பிள் நிறுவனம் அதைத் தன் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. நடந்ததை ஆட்கடத்தல் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இப்படி ஒரு சம்பவம் வந்தால் நம் அரசு இயந்திரம் எப்படிப் பிரிந்து நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்தத் தொழிற்பேட்டைப் பாதையில் கிடைக்காது. சமையலறை உணவுப் பாதுகாப்புத் துறைக்கு. சாலை காவல்துறைக்கு. பேச்சுவார்த்தை வருவாய்த்துறைக்கு. எந்திரமும் பணிநேரமும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு. இந்தப் பெண்களை ஊரிலிருந்து அழைத்துவந்தவர் யார், விடுதிக் கட்டணம் யார் கைக்குப் போகிறது, விடுதி பிடிக்காமல் வெளியே அறை எடுத்தால் வேலை நிலைக்குமா என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்பது மட்டும் எந்த ஒரு துறைக்கும் தனி வேலையாகத் தரப்படவில்லை. கேட்கக் கற்றுக்கொடுக்கவும் இல்லை.

ஆட்கடத்தல் தடுப்புக்கென்று இந்தியாவில் தேசிய அளவில் பயிற்சியே கிடையாது என்று சொல்ல முடியாது. தேசிய மனித உரிமை ஆணையத்துக்காகக் காவல்துறை அதிகாரி பி.எம்.நாயர் தலைமையில் நடந்த பெரிய ஆய்வு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, இக்குற்றத்தைப் பற்றிக் காவலர்களுக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பதை வெளியே கொண்டுவந்தது. 2006 முதல் உள்துறை அமைச்சகமும் ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகமும் சேர்ந்து சில மாநிலங்களில் காவலர்களுக்கும் அரசு வழக்கறிஞர்களுக்கும் வகுப்பெடுத்தன. 2010-இல் நாடு முழுவதற்குமான திட்டம் வந்தது. பயிற்றுநர்களுக்கே பயிற்சி, 335 ஆட்கடத்தல் தடுப்புப் பிரிவுகள் என்று இலக்கு வைக்கப்பட்டது. 2020-க்குப் பிறகு நிர்பயா நிதியிலிருந்து மாவட்டம்தோறும் பிரிவு அமைக்கப் பணமும் ஒதுக்கப்பட்டது. இந்த ஏற்பாடு முழுவதும் பாலியல் சுரண்டலுக்காகக் கடத்தப்படும் பெண்கள், குழந்தைகள் பற்றிய கவலையிலிருந்து பிறந்தது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அங்கிருந்து வந்த பாடம் அதிகாரிகளின் கண்ணை ஒரே காட்சிக்குப் பழக்கிவிட்டது: பூட்டிய அறை, அழுகிற சிறுமி, தப்பியோடும் தரகன். ஓரகடம் தொழிற்பேட்டையில் அந்தக் காட்சி கிடைக்காது. அங்கே வேலைக்கு வருபவர் கையில் ஆதார் இருக்கிறது, கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது, கம்பெனி பஸ் வாசலிலேயே ஏற்றிக்கொள்கிறது. சுரண்டல் இருந்தால் அது கணக்கில் இருக்கிறது. கணக்கு வாசிக்க நம் பயிற்சி சொல்லித்தருவதில்லை என்பதுதான் என் வாதம்.

எண்களைப் பார்ப்போம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டின்படி 2021-இல் உலகெங்கும் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் இருந்தார்கள். அவர்களில் வணிகப் பாலியல் சுரண்டலில் சிக்கியவர்கள் 63 லட்சம். தனியார் ஆலை, வயல், கட்டடம், வீடு ஆகியவற்றில் சிக்கியவர்கள் 1.73 கோடி. நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகமோ 2022-இல் இந்தியா முழுவதற்கும் பதிவு செய்த ஆட்கடத்தல் வழக்குகள் 2,250, பாதிக்கப்பட்டவர்கள் 6,036 என்கிறது. இவ்வளவு பெரிய நாட்டில் குற்றம் இவ்வளவுதான் நடக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியுமா? கண்ணுக்குப் பட்டது இவ்வளவுதான் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

சட்டம் குறுகலாக இருப்பதால்தான் இப்படி என்று சிலர் சொல்வார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு சுரண்டல் வகைகளைப் பட்டியலிடும்போது ‘கட்டாய உழைப்பு’ என்ற சொல்லைத் தனியே வைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அடிமைத்தனமும் அதை ஒத்த வழக்கங்களும் அதில் இருக்கின்றன. ஏமாற்றி அழைத்துவந்தாலும், ஆசைகாட்டி அழைத்துவந்தாலும், இடம் கொடுத்து வைத்திருந்தாலும் குற்றம்தான். பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது பொருட்டே இல்லை என்று அந்தப் பிரிவே சொல்கிறது. 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவரை வேலை வாங்கினால் அதுவே அரசமைப்பின் 23-ஆம் பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பு, வறுமையின் நெருக்கடியும் ஒரு கட்டாயமே என்று தீர்ப்பளித்தது. 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி, இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. இத்தனையும் ஏட்டில் இருக்க, காவல் நிலையத்தில் முதலில் கேட்கப்படும் கேள்வி, “நீயாத்தானே வந்தே?” என்பதாக இருந்தால், குறை சட்டத்தில் இல்லை.

கணக்கு வாசிப்பது என்றால் என்ன? வகுப்பில் வைப்பதற்காக நானே எழுதிய ஒரு மாதிரிச் சம்பளச் சீட்டு இது. மொத்தச் சம்பளம் 14,500 ரூபாய். பிடித்தங்கள்: பி.எஃப். 1,380, இ.எஸ்.ஐ. 109, விடுதி 2,000, சாப்பாடு 2,200, பஸ் 800, யூனிபார்மும் ஷூவும் 450, அட்வான்ஸ் தவணை 1,500. கைக்கு வருவது 6,061. அவசரமாகப் பார்ப்பவருக்கு இதில் தவறே தெரியாது, பி.எஃப். பிடித்திருக்கிறார்களே, முறையான கம்பெனி என்றே தோன்றும். கூட்டிப் பார்த்தால் பிடித்தம் 8,439. ஒரு மாதக் கூலியில் பாதிக்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது 1936-ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலிருந்து, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு வரை தொடரும் விதி. பாதி என்பது 7,250. முதல் மீறல் இங்கே பிடிபடுகிறது. அடுத்தது அந்த அட்வான்ஸ். எதற்கு வாங்கியது என்று கேட்டால், “ரயில் டிக்கெட்டுக்கும் ஏஜென்ட்டுக்கும்” என்று பதில் வரக்கூடும். வேலைக்குச் சேருமுன் பயணச் செலவுக்குக் கொடுத்த முன்பணத்தைக் கூலியிலிருந்து திரும்பப் பிடிக்கவே கூடாது என்றும் அதே பழைய சட்டத்திலேயே இருந்தது. அந்தச் சட்டம் அனுமதித்த பிடித்தங்களின் பட்டியலில் ஏஜென்ட் கமிஷன் இல்லை. இந்த இரண்டு வரிகளைப் படிக்கத் தெரிந்த ஓர் உதவி ஆய்வாளருக்கு அடுத்த கேள்வி தானாக வரும்: இந்தக் கடன் தீருமுன் இவர் ஊருக்குப் போக முடியுமா? போக முடியாதென்றால் விஷயம் சம்பளப் புகாரைத் தாண்டிவிட்டது.

இங்கேதான் வலுவான எதிர்ப்பு வரும். இப்படிப் பார்க்கத் தொடங்கினால் ஆலை வேலை எல்லாமே ஆட்கடத்தல் ஆகிவிடாதா, தென் மாவட்டத்துப் பெண்ணுக்கும் ஒடிசாவின் ஆதிவாசி இளைஞனுக்கும் கிடைத்த ஒரே நல்ல சம்பளத்தைக் கெடுக்கப் போகிறீர்களா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. இந்தப் பாதையில் வேலை செய்யும் மிகப் பெரும்பாலோர் விரும்பி வந்தவர்கள். பலருக்கு இந்தச் சம்பளம் வீட்டில் பேச்சுரிமையே வாங்கிக் கொடுத்திருக்கிறது. அவர்களை ‘மீட்டு’ ரயிலேற்றுவது இன்னொரு அநியாயம். ஆகவேதான் பிரித்தறியும் திறமை வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்குப் பதினொரு அடையாளங்களை வகுத்திருக்கிறது. ஏமாற்றுதல், கடன்பிணை, கூலியை நிறுத்திவைத்தல், அடையாள ஆவணங்களைப் பறித்துவைத்தல், நடமாட்டத்தைத் தடுத்தல், அளவுமீறிய ஓவர்டைம் முதலியவை அதில் வரும். விடுதியில் இரவு எட்டு மணிக்குக் கதவடைப்பது மட்டும் குற்றமாகிவிடாது. அது வெறும் கெடுபிடியாக இருக்கலாம். கதவடைப்போடு பிடித்துவைத்த சான்றிதழும், இரண்டு மாத நிலுவைச் சம்பளமும், தீராத அட்வான்ஸும் சேர்ந்தால் படம் மாறுகிறது. எதை எதோடு சேர்த்துப் பார்ப்பது என்று தெரியாத அதிகாரி இரண்டு பக்கமும் தவறு செய்வார்: விரும்பி வந்தவரைத் துரத்துவார், சிக்கிக் கிடப்பவரைத் தாண்டிப் போவார். நூற்பாலைகளின் ‘சுமங்கலித் திட்டம்’ தமிழ்நாட்டில் ஆண்டுக்கணக்கில் ஓடியதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம். வீட்டார் சம்மதித்தார்கள், பெண்ணும் சம்மதித்தாள், மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொன்னார்கள். பூட்டு எங்கே இருக்கிறது என்று தேடியவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

வாங்குகிற பன்னாட்டுக் கம்பெனிகளே தணிக்கை நடத்துகின்றனவே, அரசு எதற்கு என்பது இன்னொரு வாதம். வேலை கிடைக்கத் தொழிலாளி காசு கொடுக்கக் கூடாது என்ற விதி ஆப்பிள் நிறுவனத்துக்கு 2015 முதலே உண்டு. தணிக்கை பயனற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 2021-இல் பிரச்சினை வெடித்த இடம் ஆலை வளாகத்துக்கு வெளியே, ஒப்பந்தக்காரர்களிடம் விடப்பட்டிருந்த விடுதி. அந்த விடுதிகளிலும் சாப்பாட்டுக்கூடங்களிலும் சில தங்கள் தரத்தை எட்டவில்லை என்று பிறகு ஆப்பிளே ஒப்புக்கொண்டது. தணிக்கையாளருக்கு வாரண்ட் கிடையாது, ஊரிலுள்ள ஏஜென்ட்டை விசாரிக்க முடியாது, கொத்தடிமைக்கு விடுதலைச் சான்றிதழ் தர முடியாது. அந்தச் சான்றிதழ் ஸ்ரீபெரும்புதூர் வருவாய்க் கோட்டாட்சியர் போன்ற அரசு அதிகாரியின் கையெழுத்தில்தான் வர வேண்டும்.

கோட்டாட்சியர், காவலர், தொழிலாளர் துறை ஆய்வாளர், நீதிபதி எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. ஆனால் காவல் அதிகாரி வண்டலூர் பக்கம் ஊனமாஞ்சேரி காவல் பயிற்சியகத்தில் படிக்கிறார், நீதிபதி மாநில நீதித்துறைப் பயிற்சியகத்தில் படிக்கிறார், மற்ற அலுவலர்கள் அண்ணா நிர்வாகப் பணியாளர் கல்லூரியில் படிக்கிறார்கள். சந்தித்துக்கொள்வது வழக்கு சிதைந்த பிறகு. பிரேசில் இதை வேறு மாதிரி செய்தது. 1995-இல் அங்கே அமைத்த நடமாடும் ஆய்வுக் குழுவில் தொழிலாளர் ஆய்வாளர்தான் தலைமை. காவலரும் தொழிலாளர் வழக்குகளுக்கான அரசு வழக்கறிஞரும் கூடவே போவார்கள். போன இடத்திலேயே பாக்கிக் கூலியைக் கணக்கிட்டு முதலாளியிடம் வாங்கித் தருவார்கள். 2003-இல் குற்றவியல் சட்டத்தைத் திருத்தி, மனிதத் தன்மையற்ற பணிச்சூழலையும் உயிரை உறிஞ்சும் வேலைநேரத்தையும் குற்ற வரையறைக்குள் கொண்டுவந்தார்கள். இதுவரை 60,000-க்கும் அதிகமானோர் மீட்கப்பட்டிருக்கிறார்கள். சேர்ந்து போவதே அங்கே பெரிய பயிற்சி. நம்மிடம் ஆளே இல்லை, இருப்பவரும் ஆறு மாதத்தில் மாற்றலாகிப் போகிறார், பயிற்சி கொடுத்து என்ன பயன் என்று நம் அதிகாரிகள் சலித்துக்கொள்வதில் உண்மை இருக்கிறது. ஆட்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு வேறு வேலையோடு கூடுதல் பொறுப்பாக வருபவரால் எவ்வளவு முடியும்? அதனால்தான் பாடம் ஆளோடு போய்விடாமல் இருக்கையிலேயே தங்க வேண்டும் என்கிறேன்: சோதனைக்குப் போகும்போது நிரப்ப வேண்டிய படிவம், கேட்க வேண்டிய பத்துக் கேள்விகள் ஒடியாவிலும் இந்தியிலும் வங்காளியிலும், கூட வர வேண்டியவர்களின் பட்டியல். மொழி சின்ன விஷயமில்லை. தொழிலாளியின் மொழியும் தமிழும் தெரிந்த ஒரே ஆள் மேஸ்திரிதான் என்றால், வாக்குமூலம் மேஸ்திரியின் வாக்குமூலமாகிவிடும். 2023 மார்ச்சில் வடமாநிலத்தார் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது தமிழகக் காவல்துறை சில நாட்களிலேயே இந்தி பேசும் உதவி எண்களை ஏற்பாடு செய்தது. ஆக, முடியாத காரியமில்லை.

எத்தனை பேருக்குப் பயிற்சி தந்தோம் என்ற எண்ணிக்கையை ஆண்டறிக்கையில் போடுவதை முதலில் நிறுத்தலாம். கொத்தடிமை மறுவாழ்வுக்கான மத்தியத் திட்டத்தில் உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் வரையிலான முழுத் தொகையோ குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு முடிச்சிடப்பட்டிருக்கிறது. முதல் இரவில் சம்பளச் சீட்டையும் அட்வான்ஸ் நோட்டையும் கைப்பற்றாமல் விட்டால், பின்னால் தண்டனையும் இல்லை, தொகையும் இல்லை. பயிற்சி பெற்ற அதிகாரி கைவைத்த வழக்குகளில் எத்தனைக்கு விடுதலைச் சான்றிதழ் வந்தது, எத்தனை பேருக்கு முழுத் தொகை போய்ச் சேர்ந்தது என்று எண்ணினால் போதும். வகுப்பு எங்கே தொடங்குவது என்று தேடவும் வேண்டாம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 படுக்கைகளோடு சிப்காட் விடுதி திறக்கப்பட்டது. அரசே கட்டிய விடுதி அது. அதன் வார்டன்களையும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களையும், கிராம நிர்வாக அலுவலர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து அந்த 14,500 ரூபாய்ச் சீட்டைக் கையில் கொடுக்க எந்தப் புதுச் சட்டமும் வேண்டியதில்லை.