‘மிஸ்ஸிங்’ அடிக்கும் பழைய மியாட்டா: கோளாறு காயிலிலா, ஒயரிலா?

மூன்றாவது கியரில் மேடு ஏறும்போது வண்டி வெட்டி வெட்டிக் குலுங்குகிறது. ஐடிலிங்கில் சைலன்சர் ‘டப்... டப்’ என்று விட்டுவிட்டுத் தட்டுகிறது. ‘வண்டி மிஸ்ஸிங் அடிக்குது’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை.

மஸ்டா நிறுவனம் 1989-ல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகப்படுத்திய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் எம்எக்ஸ்-5. அமெரிக்காவில் மியாட்டா. புதிய கார்களில் ஸ்கேனரைச் செருகினால் ‘பி0302’ என்று வரும். இரண்டாவது சிலிண்டர் என்று புரிந்துவிடும். ஆனால், அமெரிக்காவில் அந்த ஓபிடி-2 முறை கட்டாயமானது 1996 மாடலில் இருந்துதான். அதற்கு முந்தைய மியாட்டாவின் கம்ப்யூட்டருக்கு மிஸ்ஸிங்கைக் கண்டுபிடிக்கத் தெரியாது. ‘அதான் லைட் எரியலையே’ என்று ஓட்டிக்கொண்டிருந்தால், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடும். பிளக் ஒயர் விலை எங்கே, கன்வெர்ட்டர் விலை எங்கே!

ஒன்றா, இரண்டா?

எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டர் கனெக்டராகக் கழற்றி மாட்ட வேண்டும். கழற்றியதும் எஞ்சின் மேலும் தடுமாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. ஒரு மாற்றமும் இல்லையென்றால் சிக்கல் அங்கேதான். பிளக் ஒயரையே பிடுங்கிப் பார்ப்பது பழைய பழக்கம். ஷாக் அடிக்கும், காயிலும் கெடலாம்.

மியாட்டாவில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து இரண்டே காயில்கள். 1-க்கும் 4-க்கும் ஒன்று, 2-க்கும் 3-க்கும் ஒன்று. ஒரு ஜோடி முழுக்கப் படுத்துவிட்டால் சந்தேகம் காயில் மீது. ஒன்று மட்டும் என்றால் பிளக், ஒயர், இன்ஜெக்டர். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரே மின்சாரம்தான் ஒரு பிளக்கில் இறங்கி, எஞ்சின் உடம்பு வழியே போய், மற்ற பிளக்கில் ஏறி காயிலுக்குத் திரும்புகிறது. ஆகவே ஒரு ஒயர் உள்ளே அறுந்தாலும் இரண்டு சிலிண்டரும் பாதிக்கப்படலாம். காயில் வாங்கும் முன் ஒயரை மாற்றிப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

இருட்டில் பானெட்டைத் திறந்து, ஓடும் எஞ்சினின் ஒயர்கள் மீது தண்ணீரைப் பனிபோல லேசாகத் தெளித்தால், மின்சாரம் கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும். கையை மட்டும் கிட்டே கொண்டுபோகக் கூடாது.

எப்போது மிஸ்ஸிங் வருகிறது என்பதும் முக்கியம். லோடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். பொறி தாவ அதிக வோல்ட் வேண்டும். பலவீனமான ஒயர் அப்போதுதான் காலை வாரும். மாறாக, ஐடிலிங்கில் மட்டும் தடுமாறி, வேகமெடுத்ததும் சரியானால், வேக்குவம் ஹோஸ் எங்காவது காற்று இழுக்கிறதா என்று பார்க்கலாம். சூடேறிய பிறகுதான் வருகிறதா? காயில்கள் எஞ்சினின் பின்புறம், காற்று குறைவாகப் படும் இடத்தில் இருக்கின்றன என்பதை நினைவில் கொள்ளவும்.

கழற்றிய பிளக்கையும் உற்றுப் பார்க்க வேண்டும். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெரும்பாலும் பொறி இல்லை. காய்ந்து சுத்தமாக இருந்தால் பெட்ரோல் வரவில்லை. பிளக் குழியில் ஆயில் தேங்கியிருந்தால், வால்வு கவர் கேஸ்கெட் இறுகிப்போயிருக்கிறது என்று அர்த்தம். கேஸ்கெட்டை மாற்றாமல் புது ஒயர் போட்டால் அதுவும் ஆயிலில் ஊறிக் கெடும்.

எல்லாம் சரியாக இருந்தும் மிஸ்ஸிங் நிற்கவில்லையா? கம்ப்ரஷன் டெஸ்ட்தான் மிச்சம். அளவு குறையும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி சோதித்தால், அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.