முலுண்ட் நிலமும் கட்சி நிதியும்: அடிமட்டத் தொண்டர்களின் குரல் எங்கே தடைபடுகிறது?

மும்பை: மத்திய ரயில்வே வழித்தடத்தில் தானேவுக்கு முன்னதாக வரும் மும்பை மாநகரின் கடைசி நிலையம் முலுண்ட். குஜராத்தியரும் மராத்தியரும் தமிழரும் கலந்து வாழும் இப்புறநகர், நீண்ட காலமாகப் பாரதிய ஜனதா கட்சியின் கோட்டையாக அறியப்படுகிறது. ஆனால், அக்கட்சி பங்கேற்ற கூட்டணி அரசு தாராவி மறுசீரமைப்புக்காக முலுண்டில் நிலம் தேடியபோது, எதிர்ப்புக் குரல் எழுப்பியவர்களில் அக்கட்சியின் உள்ளூர்த் தலைவர்களும் இருந்தனர்.

ஒரு பெருநிறுவனத்தின் திட்டத்துக்கு ஆளும் கட்சியின் தலைமை ஆதரவாகவும், அதே கட்சியின் அடிமட்டம் எதிராகவும் நிற்கும்போது என்ன நிகழும் என்பதற்கு முலுண்ட் ஓர் எடுத்துக்காட்டாகியுள்ளது. இதற்கும் கட்சிகளுக்கு நிதி வந்து சேரும் முறைக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை விளக்குகிறது.

தாராவி திட்டம்: இதுவரை நடந்தது

சுமார் 600 ஏக்கர் பரப்பில் அமைந்த தாராவி, ஆசியாவின் மிகப்பெரிய குடிசைப் பகுதிகளுள் ஒன்று. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் உட்பட, பெரும் எண்ணிக்கையில் தமிழர்கள் இங்கு தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர்.

2018-இல் கோரப்பட்ட ஒப்பந்தப்புள்ளியில் துபாயைச் சேர்ந்த செக்லிங்க் நிறுவனம் 7,200 கோடி ரூபாயும், அதானி குழுமம் சுமார் 4,539 கோடி ரூபாயும் குறிப்பிட்டிருந்தன. ரயில்வேக்குச் சொந்தமான 45 ஏக்கர் நிலம் திட்டத்தில் சேர்க்கப்பட்டதைக் காரணம் காட்டி, உத்தவ் தாக்கரே தலைமையிலான மகா விகாஸ் அகாடி அரசு 2020-இல் அதனை ரத்து செய்தது. ஆட்சி மாறிய பின், 2022-இல் கோரப்பட்ட புதிய ஒப்பந்தப்புள்ளியில் 5,069 கோடி ரூபாய் குறிப்பிட்ட அதானி குழுமம் தேர்வானது. திட்டத்துக்கான சிறப்பு நிறுவனத்தில் அக்குழுமத்துக்கு 80 விழுக்காடும், மாநில அரசுக்கு 20 விழுக்காடும் பங்கு உள்ளது.

செக்லிங்க் தொடுத்த வழக்கை மும்பை உயர் நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று தள்ளுபடி செய்து, ஒப்பந்தம் வழங்கப்பட்டதை உறுதி செய்தது. அந்நிறுவனம் மேல்முறையீடு செய்த நிலையில், 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் பணிகளுக்குத் தடை விதிக்க மறுத்தது.

முலுண்ட் இதில் எவ்வாறு வந்தது?

தாராவியில் வாழும் அனைவருக்கும் தாராவியிலேயே வீடு என்பது இத்திட்டத்தில் இல்லை. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்கு மட்டுமே அங்கு 350 சதுர அடி வீடு இலவசமாகக் கிடைக்கும். 2000 முதல் 2011 வரையிலான காலத்தில் குடியேறியோர், இரண்டரை லட்சம் ரூபாய் செலுத்தி தாராவிக்கு வெளியே வீடு பெற வேண்டும். அதற்குப் பின் வந்தோருக்கும் மேல்தளங்களில் வசிப்போருக்கும், வெளியிடங்களில் வாடகைத் தவணை முறையில் வீடு ஒதுக்கப்படும்.

எனவே, தாராவிக்கு வெளியே பெருமளவு நிலம் தேவைப்பட்டது. முலுண்டில் பழைய சுங்கச்சாவடி அருகே 18 ஏக்கரும், குப்பைக் கிடங்கு நிலத்தில் 46 ஏக்கரும் வேண்டும் என மாநில அரசுத் தரப்பு மாநகராட்சியிடம் கேட்ட தகவல் 2024 தொடக்கத்தில் வெளியானது. தொடர்ந்து 2024 செப்டம்பர் 30 அன்று, காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளில் மொத்தம் 255.9 ஏக்கர் உப்பள நிலத்தைத் திட்டத்துக்குப் பெற மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இதில் முலுண்டின் ஜாமாஸ்ப் உப்பளம் மட்டும் 58.5 ஏக்கர் ஆகும்.

ஏற்கெனவே முலுண்ட் கிழக்கில், பல்வேறு திட்டங்களால் வீடிழந்தோருக்காக 7,439 குடியிருப்புகள் கட்டும் மாநகராட்சித் திட்டத்துக்கு எதிராகக் குடியிருப்போர் போராடி வந்தனர். குடிநீர், கழிவுநீர், ரயில் நெரிசல் ஆகியவை அவர்களது கவலைகள். பெருமழைக் காலத்தில் உப்பளங்களே வெள்ளநீரை உள்வாங்கும் நிலம் என்பது சூழலியல் ஆர்வலர்களின் வாதம்.

கட்சிக்குள் எழுந்த எதிர்ப்பு

முலுண்ட் சட்டப்பேரவை உறுப்பினரான பாஜகவின் மிஹிர் கோடேச்சா, 2024 மக்களவைத் தேர்தலில் வடகிழக்கு மும்பை தொகுதியில் போட்டியிட்டபோது, தாராவி மக்களை முலுண்டில் குடியமர்த்துவதை ஏற்க முடியாது என வெளிப்படையாக அறிவித்தார். அவரை எதிர்த்து வென்ற சிவசேனை (உத்தவ் தாக்கரே) வேட்பாளர் சஞ்சய் தினா பாட்டீலின் நிலைப்பாடும் அதுவே. பாஜகவின் முன்னாள் மக்களவை உறுப்பினர் கிரிட் சோமையாவும் 7,439 குடியிருப்புகள் திட்டத்தை எதிர்த்தார்.

தேர்தல் முடிந்த நான்கு மாதங்களுக்குள், முலுண்ட் உப்பளத்தையும் உள்ளடக்கிய முடிவை அமைச்சரவை எடுத்தது. முலுண்டைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் தொடுத்த பொதுநல வழக்கும் 2025-இல் மும்பை உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. எனினும், 2024 நவம்பர் சட்டப்பேரவைத் தேர்தலில் முலுண்ட் தொகுதியில் கோடேச்சாவே மீண்டும் வெற்றி பெற்றார்.

உள்ளூர்த் தலைவர்களின் எதிர்ப்பு, மக்களை எங்கே குடியமர்த்துவது என்ற கேள்வியோடு நின்றுகொண்டது என்பது இங்கு கவனிக்கத்தக்கது. ஒப்பந்தம் யாருக்கு, எந்த நிபந்தனைகளில் வழங்கப்பட்டது என்ற கேள்வியை அவர்கள் எழுப்பவில்லை. அக்கேள்வியை எழுப்பியவர்கள் எதிர்க்கட்சியினரும் தாராவியின் போராட்ட அமைப்புகளுமே. 2023 டிசம்பர் 16 அன்று தாராவியிலிருந்து பாந்த்ரா-குர்லா வளாகத்தில் உள்ள அதானி அலுவலகம் நோக்கி உத்தவ் தாக்கரே பேரணி நடத்தினார். ஒப்பந்த நிபந்தனைகள் அவரது ஆட்சிக்காலத்திலேயே வகுக்கப்பட்டவை என்பது பாஜகவின் பதில். தாராவிவாசிகள் எவரும் வீடிழக்க மாட்டார்கள் என்று அரசும் அதானி குழுமமும் கூறி வருகின்றன.

காங்கிரசிலும் இதே சிக்கல்

இது ஒரு கட்சிக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. மும்பை காங்கிரஸ் தலைவராக இருந்த வர்ஷா கெய்க்வாட், தாராவி மக்களைத் திரட்டி அதானி குழுமத்துக்கு எதிராகப் போராடி வந்தார். அதே காலகட்டத்தில், 2024 ஜனவரியில், தெலங்கானாவின் காங்கிரஸ் அரசு டாவோஸ் மாநாட்டில் அதே குழுமத்துடன் 12,400 கோடி ரூபாய்க்கான முதலீட்டு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டது. பின்னர் திறன் பல்கலைக்கழகம் ஒன்றுக்காக அக்குழுமம் அறிவித்த 100 கோடி ரூபாய் நன்கொடையை, 2024 நவம்பர் 25 அன்று முதலமைச்சர் ரேவந்த் ரெட்டி ஏற்க மறுத்தார். அமெரிக்காவில் கௌதம் அதானி மீது குற்றச்சாட்டு பதிவான செய்தி வெளியான சில நாள்களில் இம்முடிவு வந்தது. அக்குற்றச்சாட்டுகளை அதானி குழுமம் மறுத்துள்ளது.

தெருவில் இறங்கிப் போராடும் தொண்டர் ஒரு மாநிலத்தில் சொல்வதும், ஆட்சியில் இருக்கும் தலைவர் மற்றொரு மாநிலத்தில் செய்வதும் வேறுபடும்போது, தொண்டரின் சொல்லுக்கு மதிப்புக் குறைகிறது.

தொண்டரின் குரல் ஏன் மேலே செல்வதில்லை?

முதற்காரணம், வேட்பாளர் தேர்வு. தேர்தலில் கட்சியின் சின்னத்தைப் பெறத் தேவையான 'பி' படிவம் தலைமையின் கையில் உள்ளது. 2014-இல் வடகிழக்கு மும்பையில் வென்ற கிரிட் சோமையா, அப்போது கூட்டணியில் இருந்த சிவசேனையைக் கடுமையாக விமர்சித்தவர். 2019-இல் அவருக்கு மீண்டும் வாய்ப்பு வழங்கப்படவில்லை. தலைமையின் கணக்குக்கு இடையூறாகும் எவரும் நினைவில் கொள்ளும் பாடம் இது.

இரண்டாவது, கட்சித் தாவல் தடைச் சட்டம். கொறடா உத்தரவு பிறப்பிக்கப்பட்டால், அதை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். தொகுதி மக்களின் எதிர்ப்பை அவையில் வாக்காக மாற்ற அவருக்கு வழியில்லை.

மூன்றாவது, உள்ளாட்சியில் ஏற்பட்ட வெற்றிடம். மும்பை மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. மேற்கண்ட நில முடிவுகள் எடுக்கப்பட்ட காலத்தில், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்ற உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. வார்டு மட்டத்தில் கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் அரசு நியமித்த நிர்வாகியே இருந்தார்.

நான்காவது, நிதி. மக்களவைத் தேர்தலில் பெரிய மாநிலங்களின் வேட்பாளர் ஒருவர் 95 லட்சம் ரூபாய் வரையே செலவிடலாம். கட்சிகளின் செலவுக்கோ உச்சவரம்பே இல்லை. அப்பெரும் செலவுக்கான பணம் வார்டு கிளைகள் திரட்டும் சந்தாவிலிருந்து வருவதில்லை. நேரடியாகத் தலைமைக்குச் செல்லும் பெருநன்கொடைகளிலிருந்து வருகிறது. பணத்துக்குத் தொண்டரை நம்பியிராத தலைமைக்கு, அவரது எதிர்ப்பைப் பொருட்படுத்த வேண்டிய தேவையும் குறைவு.

மும்பை நீதிமன்றத்தின் பழைய எச்சரிக்கை

நிறுவனங்கள் கட்சிகளுக்குப் பணம் தருவது குறித்த முக்கிய வழக்கு ஒன்று இதே மும்பையில்தான் நடந்தது. அரசியல் நன்கொடை வழங்க வசதியாகத் தனது அமைப்பு விதிகளைத் திருத்த டாடா இரும்பு எஃகு நிறுவனம் முனைந்தபோது, பங்குதாரர் ஒருவர் அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1957-இல் அதனை விசாரித்த தலைமை நீதிபதி எம்.சி. சக்லா, சட்டப்படி திருத்தத்தைத் தடுக்க இயலாது என்றபோதும், இப்போக்கு மக்களாட்சிக்கு ஆபத்தானது என எச்சரித்து, நாடாளுமன்றம் இதனைக் கருத வேண்டும் எனக் கேட்டுக்கொண்டார்.

1969-இல் நிறுவன நன்கொடைகள் முற்றிலும் தடை செய்யப்பட்டன. 1985-இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. 2013-ஆம் ஆண்டுச் சட்டம், மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 விழுக்காடு என வரம்பு விதித்தது. 2017-இல் அவ்வரம்பு நீக்கப்பட்டு, 2018-இல் தேர்தல் பத்திரங்கள் நடைமுறைக்கு வந்தன. பெயர் வெளியே தெரியாமல் நன்கொடை அளிக்க அவை வழிவகுத்தன.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தேர்தல் பத்திரத் திட்டத்தையும், வரம்பு நீக்கத்தையும் செல்லாதவை என அறிவித்தது. பின்னர் வெளியான விவரங்களின்படி, 2019 ஏப்ரல் முதல் 2024 ஜனவரி வரை பாஜக சுமார் 6,060 கோடி ரூபாயும், திரிணமூல் காங்கிரஸ் சுமார் 1,609 கோடி ரூபாயும், காங்கிரஸ் சுமார் 1,421 கோடி ரூபாயும் பத்திரங்கள் வழியே பெற்றிருந்தன. பத்திரங்களை ஏற்க மறுத்து வழக்கும் தொடுத்த மார்க்சிஸ்ட் கட்சி ஒரு விதிவிலக்கு.

இனி என்ன?

7.5 விழுக்காடு வரம்பு மீண்டும் நடைமுறைக்கு வந்துள்ளது. 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளின் விவரத்தைக் கட்சிகள் ஆண்டுதோறும் தேர்தல் ஆணையத்திடம் அளிக்க வேண்டும். தேர்தல் அறக்கட்டளைகள் வழியே நிறுவனங்கள் தொடர்ந்து நிதி வழங்கலாம். ஆனால், கட்சிகளின் செலவுக்கு வரம்பு விதிக்கவோ, வேட்பாளர் தேர்வில் தொண்டர்களுக்கு வாக்குரிமை அளிக்கவோ சட்டம் எதுவும் இல்லை. உட்கட்சி மக்களாட்சி இல்லை என்பதற்காக ஒரு கட்சியின் பதிவை ரத்து செய்யும் அதிகாரமும் தேர்தல் ஆணையத்துக்கு இல்லை.

முலுண்டின் எதிர்ப்பு முழுமையாக வென்றால், உப்பளம் காப்பாற்றப்படலாம். ஆனால், தாராவியில் மேல்தளத்தில் குடியிருக்கும் குடும்பத்துக்கு அதனால் தாராவியில் வீடு கிடைத்துவிடாது. அது அனுப்பப்படும் இடம் மட்டுமே மாறும். தாராவிவாசிக்கு வேண்டியது வாழ்ந்த இடத்திலேயே வீடு. முலுண்ட்வாசிக்கு வேண்டியது நெரிசலற்ற புறநகர். இரு கோரிக்கைகளும் உண்மையில் ஒன்றையே கேட்கின்றன: நில ஒதுக்கீட்டை முடிவு செய்யும்போது அங்கு வாழ்வோரையும் கலந்துகொள்ள வேண்டும். அக்கேள்வியைத் தத்தம் கட்சித் தலைமையிடம் கேட்கும் துணிவும் வழியும் இரு பகுதித் தொண்டர்களுக்கும் கிடைக்காதவரை, அவர்களது எதிர்ப்பு ஒருவரை ஒருவர் நோக்கியதாகவே திரும்பும்.