கடற்காற்று வீசுவது ஏன்?

கோலகெடா கடற்கரையில் வெயிலான பிற்பகலில் நின்றால் மேற்கிலிருந்து காற்று முகத்தில் வந்து மோதும். கடல்தான் அதை அனுப்புவதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அதை வரவழைப்பது தரை.

இரண்டின்மீதும் ஒரே வெயில்தான் விழுகிறது. கடல்நீரில் அந்தச் சூடு ஆழத்திற்கும் பரவிக் கலந்துவிடும். மண்ணிலோ அது மேற்பரப்போடு நின்றுவிடுவதால் தரை விரைவில் சுடுகிறது. தரைமேலுள்ள காற்று சூடேறி, விரிந்து, இலேசாகி மேலெழும்புகிறது. கொதிக்கும் கஞ்சிப் பானையில் அடியிலுள்ள சோற்றுப் பருக்கை மேலே வந்து ஓரமாய் இறங்குகிறதே, அதே கதைதான். எழுந்த காற்றின் இடத்தை நிரப்பக் கடல்மீதுள்ள குளிர்ந்த காற்று விரைகிறது. மேலே சென்ற காற்று கடற்பக்கம் திரும்பி இறங்குகிறது. இச்சுழற்சியே வெப்பச்சலனம்.

இக்காற்றின் வழியில் 1,217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராய் நிற்கிறது. ஈரக்காற்று அதன் சரிவில் ஏறிக் குளிர்ந்து மேகமாகிறது. பிற்பகலில் மலையுச்சி கறுத்ததும் தோட்டத்து லயங்களில் காயும் துணிகளை ஓடி எடுக்கிறோமே, அந்த மேகத்தில் கடற்காற்றுக்கும் பங்குண்டு.

இரவில் தரை விரைவில் குளிர்கிறது; காற்றும் திசை மாறிக் கடலை நோக்கி மெல்ல வீசுகிறது. பாய்மரக் காலத்து மீனவர்கள் விடியுமுன் இந்தத் தரைக்காற்றில் புறப்பட்டு, பிற்பகல் கடற்காற்றில் கரை திரும்பினார்கள்.